பாண்டியில் ஒரு விசேஷ விருந்து: பெரிய ஓட்டலுக்குப் போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டிச்சேரி ஒயிட் டவுனில் ஓர் ஓட்டலின் புக்கிங் மேசையில் ஆறு வருடம் இருந்தேன். கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம், முதல் சம்பளம், பிளஸ் டூ ரிசல்ட் என்று எதற்கெல்லாம் டேபிள் கேட்டு போன் வரும் என்பது எனக்கு மனப்பாடம். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். "பாண்டியில பெரிய ஓட்டலுக்குப் போகலாம்னு இருக்கோம், என்ன பண்ணணும்?" என்று சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு செலவு செய்வது நியாயமா?

வயிறு நிறைவதற்காகப் போகிறீர்கள் என்றால் நியாயம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல மெஸ்ஸில் குடும்பமே ஒரு வாரம் சாப்பிடலாம்.

ஆனால் அங்கே நீங்கள் கொடுக்கும் காசு சாப்பாட்டுக்கு மட்டும் அல்ல. மதியச் சாப்பாடு போடும் ஓட்டலில் ஒரே மேசையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்தாறு குடும்பம் உட்கார்ந்து எழுந்துவிடும். நாம் சாப்பிடும்போதே அடுத்த ஆள் பின்னால் வந்து நிற்பார். பெரிய ஓட்டலில் ராத்திரி பெரும்பாலும் ஒரு மேசைக்கு ஒரே குடும்பம்தான். காலையிலேயே அடுப்பில் ஏற்றிய எலும்புச் சாறு சாயங்காலம் வரை கொதித்து வற்றி, நாலு கரண்டி சாஸாக உங்கள் தட்டுக்கு வருகிறது. உங்கள் மேசையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆக, அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். அந்த நேரம் உங்கள் வீட்டாருக்குப் பிடிக்குமா என்பதை முதலில் யோசியுங்கள். பிடிக்கும் என்று தோன்றினால் வருடத்துக்கு ஒரு முறை தாராளமாகப் போகலாம்.

அப்பா அம்மாவை அழைத்துப் போக ஆசை. ஆனால் "எதுக்கும்மா வீண் செலவு" என்கிறார்களே?

எனக்கும் இப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கு அறுபது முடிந்து, திருக்கடையூரில் சாந்தி செய்துவிட்டு வந்த வாரம், பாண்டியில் ஓர் உயர்தர உணவகத்துக்கு இருவரையும் கூட்டிப் போனேன். நான் வேலை பார்த்த இடம் இல்லை, வேறொன்று. எட்டரைக்கு மேசை சொல்லியிருந்தும் வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனார். பிறகு மெனு கார்டு வந்தது. மங்கலான விளக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கார்டின் வலது ஓரத்து எண்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டே கீழே போனார். கடைசி வரி வரை போய்விட்டு, "எனக்கு ஒரு சூப் போதும்மா, மத்தியானம் சாப்பிட்டதே இன்னும் நிக்குது" என்றார். அம்மாவும் அதையே சொன்னார். திரும்பி வரும்போது அரியாங்குப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தள்ளுவண்டிக் கடையில் நாலு இட்லி சாப்பிட்டார் அப்பா.

அன்றைக்குத் தப்பு அப்பாவிடம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்துக் கணக்குப் பார்த்தே குடும்பம் நடத்தியவர் முன்னால் விலைப்பட்டியலை நீட்டி, எது வேண்டுமோ கேளுங்கள் என்றால் அவர் என்னதான் செய்வார்?

அடுத்த வருடம் அவர்களுடைய கல்யாண நாளுக்கு வேறு விதமாகச் செய்தேன். நான்கு நாள் முன்னதாகவே என்னென்ன உணவு என்று பேசி முடித்துவிட்டேன். அன்றைக்கு மேசைக்கு மெனு கார்டே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில இடங்களில் விலை அச்சிடாத மெனு கார்டும் வைத்திருப்பார்கள். விருந்து கொடுப்பவர் கையில் விலையுள்ள கார்டும் மற்றவர்களுக்கு விலை இல்லாத கார்டும் போகும். கேட்டால் தருவார்கள். மேசையை ஏழு மணிக்கே சொன்னேன். பில்லுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அப்பா மூன்று சுற்றையும் நிதானமாகச் சாப்பிட்டார். விலை என்ன என்று கார் ஏறும்போதுதான் கேட்டார். நான் சொல்லவில்லை.

எப்போது புக் செய்வது? போனில் என்ன சொல்ல வேண்டும்?

சாதாரண வார நாள் என்றால் இரண்டு நாள் முன்பு போதும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை சென்னை, பெங்களூரு கூட்டம் பாண்டிக்கு இறங்கிவிடும். அப்போதெல்லாம் ஒரு வாரமாவது முன்னால் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை தனிக் கணக்கு. நிறைய இடங்களில் அந்த நாட்களில் வழக்கமான மெனுவே இருக்காது, தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலைதான். உங்கள் விசேஷம் அந்த வாரத்தில் வந்தால் ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். செவ்வாய், புதன் மாதிரி நாட்களில் சமையற்காரருக்கும் பரிமாறுபவருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும். பிறந்த நாள் செவ்வாயில் வந்தால் அது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

ஆப்பில் பொத்தானை அழுத்தி புக் செய்யலாம்தான். ஆனால் விசேஷத்துக்குப் போன் செய்யுங்கள். மதியம் மூன்றரையிலிருந்து ஐந்து வரை நல்ல நேரம். மதியக் கூட்டம் போயிருக்கும், ராத்திரிக் கூட்டம் வந்திருக்காது. எங்கள் புக்கிங் நோட்டில் பெயர், நேரம், எத்தனை பேர் என்பதற்குப் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் உண்டு. விருந்து எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கட்டம்தான். அதில் எழுத வைக்க வேண்டியவை: என்ன விசேஷம், யாருக்கு, சைவமா, முட்டை சேருமா, யாருக்காவது எதுவும் ஒவ்வாதா, குறிப்பாக இறால், நண்டு, வேர்க்கடலை, முந்திரி, படி ஏற முடியாதவர், சக்கர நாற்காலி, கைக்குழந்தை, எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும்.

கடைசியில், எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு நாள்கூட கோபித்துக்கொண்டதில்லை.

எந்த இடத்துக்குப் போகலாம்?

பெயர் சொல்லி இது முதல், அது இரண்டாவது என்று வரிசைப்படுத்த மாட்டேன். சமையற்காரர் மாறினால் ஓட்டலே மாறிவிடும். பாண்டியில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேறொரு வழி இருக்கிறது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. இரண்டு பக்கமும் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கிழக்கே வில்லா சாந்தி, லே டூப்ளே, புஸ்ஸி வீதியில் பாலே தெ மாஹே போன்றவை. உயரமான மதில், மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, உள்ளே போனால் மரத்தடியில் மேசை. மேற்கே பெருமாள் கோயில் வீதியில் மேசான் பெருமாள் மாதிரியான வீடுகள். அங்கே திண்ணை, தூண், நடுவில் முற்றம். பாட்டி வீட்டு ஞாபகம் வர வேண்டிய விசேஷம் என்றால் மேற்குப் பக்கம் போங்கள். இளம் ஜோடிக்குக் கிழக்குப் பக்கம் பிடிக்கும்.

எந்த வீடானாலும் மூன்று விஷயம் கேளுங்கள். மேசை மாடியிலா? பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது, மரப்படி செங்குத்தாக ஏறும். ஐப்பசி கார்த்திகையில் போகிறீர்களா? மழை வந்தால் உள்ளே இடம் உண்டா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். முற்றத்து மேசையா? அந்தி நேரத்தில் கொசு கட்டாயம் இருக்கும், அம்மாவுக்குப் பட்டுப்புடவைக்கு மேல் ஒரு மெல்லிய சால்வை எடுத்துப் போங்கள்.

மிஷலின் ஸ்டார் வாங்கிய ஓட்டல் பாண்டியில் இருக்கிறதா?

இல்லை. மிஷலின் நிறுவனம் இந்திய உணவகங்களுக்கு ஸ்டார் தருவதே இல்லை. அந்தக் கையேடு 1900-இல் பிரான்சில் ஒரு டயர் கம்பெனி காரோட்டிகளுக்காகப் போட்டது, ஸ்டார் தர ஆரம்பித்தது 1926-இல். இங்கே யாராவது பலகையில் அப்படி எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். பட்டு வேட்டி சட்டை, பட்டுப்புடவை இவற்றைவிட மரியாதையான உடை எந்த ஓட்டலுக்கும் கிடையாது. சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதியை உள்ளே விடாததால், 2014-இல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. ஆனாலும் என் ஆறு வருடத்தில் வேட்டிக்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தவிர்க்க வேண்டியது அரைக்கால் சட்டையும் பாத்ரூம் செருப்பும்தான்.

மெனுவில் ஒன்றுமே புரியவில்லை. கேட்டால் மட்டமாக நினைப்பார்களா?

மட்டமாக நினைப்பவர் அந்த வேலைக்கு லாயக்கில்லாதவர். ஆர்டர் எடுப்பவரைக் கேப்டன் என்பார்கள். விளக்கிச் சொல்வதுதான் அவர் வேலை. "இது எப்படி இருக்கும், நம்ம ஊர் சாப்பாட்டுல எது மாதிரி?" என்று தமிழிலேயே கேளுங்கள். பாண்டியில் பாதிப் பேருக்கு மேல் பதில் தமிழிலேயே வரும்.

சில சொற்கள் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 'ஆன்த்ரே' என்றால் பிரெஞ்சில் நுழைவு, அதாவது முதல் சுற்று. அமெரிக்க வழக்கில் இதே சொல் பெரிய உணவைக் குறிக்கும். அதனால் பாண்டி மெனுவில் இதைப் பெரிய தட்டு என்று நினைத்துக் கேட்டுவிட்டு, கையளவு சாலட் வந்ததும் திகைக்கிறவர்கள் நிறைய. 'பிளா' என்பதுதான் முக்கிய உணவு. 'அ லா கார்த்' என்றால் தனித்தனியாக விலை கொடுத்துத் தேர்ந்தெடுப்பது. 'டேஸ்டிங் மெனு' என்றால் சமையற்காரர் முடிவு செய்த வரிசை, ஐந்தாறு சிறு தட்டுகள், ஒரே விலை. 'அமூஸ் பூஷ்' என்று கட்டை விரல் அளவு ஒன்று கேட்காமலே வரும். அதற்குக் காசு இல்லை. 'ஆன் பப்பியோத்' என்றால் மீனைக் காகிதத்தில் மடித்து அதன் ஆவியிலேயே வேகவைப்பது. நாம் வாழை இலையில் கட்டிச் சுடுவது போல. ஸ்டேக், அதாவது தடிமனான இறைச்சித் துண்டு, கேட்டால் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். நடுவில் சிவப்பு தெரிவது பிடிக்காதவர்கள் 'வெல் டன்' என்று தயங்காமல் சொல்லுங்கள், சாப்பிடப் போவது நீங்கள்தான்.

'பூயாபேஸ்' என்று ஒரு மீன் சூப் பாண்டி மெனுக்களில் அடிக்கடி வரும், விலையும் அதிகமாக இருக்கும். இது மார்செய் துறைமுகத்து மீனவர்கள் விற்காமல் தங்கிய மீன்களைக் கொதிக்கவைத்துக் குடித்த குழம்பு. எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் சந்தைக்குப் போகாத பொடிமீனைப் போட்டுக் கரையிலேயே வைக்கும் குழம்புக்கு இது தூரத்துச் சொந்தம். நம் குழம்பில் புளி, பூயாபேஸில் தக்காளி, குங்குமப்பூ, சோம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சொல், 'வதூவான்'. இதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. பிரான்சின் பெரிய சமையற்காரர்கள்கூடப் பயன்படுத்தும் மசாலா இது. இது என்னவென்று நினைக்கிறீர்கள்? நம்முடைய வடவம். பாண்டிச்சேரி வழியாகக் கப்பலேறிப் பெயர் மாறிப் போனது. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் நசுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, பகலில் மொட்டை மாடியில் காயவைத்து, ராத்திரி மறுபடி பானைக்குள் போட்டு, மறுநாள் திரும்ப உருட்டி, கருத்த உருண்டையாகும் வரை செய்வோமே, அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை உதிர்த்து, வெண்ணெயில் வதக்கி, மீனுக்கும் கோழிக்கும் சாஸாக ஊற்றுகிறார்கள்.

அந்தக் கல்யாண நாள் விருந்தில் அம்மாவுக்கு வந்த கொடுவா மீனின் மேல் இதைத்தான் ஊற்றியிருந்தார்கள். முதல் வாய் வைத்ததும் அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தட்டைக் கிட்டே இழுத்து முகர்ந்து பார்த்தார். "வடவம் வாசனை வருதே" என்றார். கேப்டன் போய்ச் சொல்ல, சமையற்காரரே வெளியே வந்துவிட்டார். விழுப்புரம் பக்கத்துப் பையன். கடையில் வாங்கும் வடவம் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறது என்று அவர் சொல்ல, "உருட்டும்போது கையில விளக்கெண்ணெய் தொட்டுக்கிறாங்களான்னு கேளுப்பா" என்றார் அம்மா. பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போனார் அந்தத் தம்பி. எங்கள் சாப்பாடு ஆறியதைப் பற்றி அம்மா கவலையே படவில்லை.

நாங்கள் சுத்த சைவம். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள். காய்கறி சூப்பின் அடியில் கோழிச் சாறு இருக்கலாம். சீசர் சாலட்டின் மேல் ஊற்றுவதில் நெத்திலி வகை மீன் சேரும். இத்தாலியப் பார்மேசான் சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. கடைசியில் வரும் இனிப்புகளில் பன்ன கோட்டா, சில மூஸ் வகைகளில் ஜெலட்டின் உண்டு, அது மாட்டு எலும்பு, தோலிலிருந்து வருவது. க்ரெம் ப்ரூலே என்ற இனிப்பில் முட்டை மஞ்சள் கரு நிறையச் சேரும். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். சாஸில் ஒயின் சேர்ப்பார்கள்.

புரட்டாசி, சபரிமலை மாலை, சஷ்டி விரதம் என்றால் அந்தப் பெயரையே சொல்லுங்கள். இங்கே வேலை செய்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். "மாலை போட்டிருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சட்டியைக்கூட மாற்றிச் சமைப்பார்கள். வெங்காயம் பூண்டும் கூடாது என்றால் மட்டும் ஒரு நாள் முன்னாலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரெஞ்சுச் சமையல் வெங்காயத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மீன் பிரமாதம் என்கிறார்கள். எந்த மாதமும் கேட்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும், விலையும் ஏறியிருக்கும். அந்த மாதங்களில் "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு, எங்கேருந்து?" என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் நேராகச் சொல்வார்கள். பதில் இழுத்தால் கோழியோ காய்கறியோ கேட்பது நல்லது. கோடையில் கல்யாண நாள் உள்ளவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. கையால் சாப்பிடலாமா?

முதலில் ஒன்று. பந்தியில் உட்காரத் தெரிந்தவருக்கு இந்த மேசை புதிது இல்லை. இலையின் நுனி இடப்பக்கம், முதலில் இனிப்பு, பிறகு சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று நமக்கும் ஒரு வரிசை உண்டு. அங்கேயும் ஒரு வரிசை, அவ்வளவுதான்.

தட்டின் இரு பக்கமும் அடுக்கியிருப்பதை வெளியிலிருந்து உள்பக்கமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஜோடி. முள்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில். இடது கையால் வாய்க்குக் கொண்டுபோவது மனதுக்கு ஒப்பவில்லை என்று பல பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வெட்டி முடித்துவிட்டுக் கத்தியைத் தட்டோரத்தில் வைத்து, முள்கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தப்பே இல்லை. சாப்பாட்டின் நடுவில் நிறுத்தினால் இரண்டையும் தட்டில் எதிரெதிராகச் சாய்த்து வையுங்கள். முடித்துவிட்டால் இரண்டையும் ஒட்டிச் சேர்த்து வையுங்கள். எடுத்துப் போகலாம் என்று அர்த்தம். இலையை நம் பக்கமாக மடிப்பது போலத்தான்.

துணியை மடியில் விரிக்க வேண்டும். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். நண்டு, இறால், எலும்புள்ள கோழி எல்லாம் கையால்தான் ருசி. விரல் கழுவ எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர்க் கிண்ணம் கேட்டு வாங்குங்கள். பாட்டி எல்லாவற்றையும் கையால் சாப்பிட விரும்பினால் அப்படியே சாப்பிடட்டும். யாராவது அதைப் பார்த்து முகம் சுளித்தால், அந்த ஓட்டலுக்கு இரண்டாவது முறை போகாதீர்கள்.

குடிக்க மாட்டோம். ஒயின் வேண்டாம் என்றால் அசௌகரியமா?

துளியும் இல்லை. "வேண்டாங்க, எலுமிச்சை ஜூஸ் போதும்" என்றால் முடிந்தது. ஆனால் மாக்டெயில் என்ற மது இல்லாத கலவைப் பானத்தை விலையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், நாலு பேர் இரண்டு இரண்டு குடித்தால் ஒரு முழு உணவின் விலை வந்துவிடும். தண்ணீருக்கும் அப்படியே. உட்கார்ந்ததும் பாட்டில் திறக்கட்டுமா என்பார்கள். ஓட்டல்கள் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சாதாரண வடிகட்டிய தண்ணீர் வேண்டும் என்றால் வாய்திறந்து கேட்க வேண்டும்.

குடிப்பவர்களுக்கு: புதுச்சேரியில் வயது வரம்பு 18, தமிழ்நாட்டில் 21. ஒயின் பாட்டில் கேட்டால் முதலில் கொஞ்சம் ஊற்றி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. முகர்ந்து பார்த்துத் தலையசைத்தால் போதும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஏழு மணி மேசைக்கு. போனதும் அவர்களுக்கு மட்டும் முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் வெண்ணெய் தடவிய பாஸ்தா எந்தச் சமையலறையிலும் பத்து நிமிடத்தில் வரும். ஒன்பதுக்கு மேல் நாலு வயதுக் குழந்தையை உட்கார வைப்பது அதற்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

கேக் நாங்களே கொண்டுவரலாமா?

முன்பே கேட்டால் பெரும்பாலான இடங்களில் சம்மதிப்பார்கள். வெட்டிப் பரிமாறத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டிசம்பர் என்றால் பாண்டிக்கே உரிய விவிக்கம் கேக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ரவை, வெண்ணெய், முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை போட்டு இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் செய்வது. பெட்டியில் வரும் கிரீம் கேக்கைவிட அந்த மேசைக்கு அது பொருத்தம். பார்ட்டி வெடி, நுரை ஸ்ப்ரே இரண்டும் வேண்டாம், பக்கத்து மேசையிலும் ஒரு விசேஷம் நடந்துகொண்டிருக்கும்.

பில் எவ்வளவு வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மெனுவில் உள்ள விலையோடு ஜிஎஸ்டி சேரும். தனியாக நடக்கும் உணவகத்தில் 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் முதல் இடத்தில் 6,300, இரண்டாவது இடத்தில் 7,080. இதை போனிலேயே கேட்டுவிடுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வேறு வரி தனியாக வரும்.

சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அது அரசு வரி இல்லை. அதைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், எடுப்பார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

டிப்ஸ் எவ்வளவு?

பிடித்திருந்தால் பில்லில் 5 முதல் 10 சதவீதம், ரொக்கமாக. கார்டில் சேர்த்துப் போட்டால் அது சமயத்தில் தாமதமாகத்தான் கைக்குப் போகும். தண்ணீர் ஊற்றி, தட்டு எடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு நூறு ரூபாய் கொடுத்தால் மனது நிறையும். அவருக்கும்தான்.

சாப்பாடு சரியில்லை என்றால்?

இரண்டு வாய்க்குள் சொல்லுங்கள். முக்கால் தட்டு காலியான பிறகு சொன்னால் யாருக்கும் பயன் இல்லை. "ஆறிப் போயிருக்கு", "உப்பு தூக்கலா இருக்கு" என்று சாதாரணக் குரலில் கேப்டனிடம் சொன்னால் போதும், மாற்றிக் கொண்டுவருவார்கள். நம் ஆட்களிடம் நான் பார்த்த ஒரு வழக்கம், மேசையில் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் கூகுளில் ஒரு ஸ்டார் போடுவது. சமையலறைக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் உங்கள் விசேஷம் கெடாமல் காப்பாற்றியிருப்பார்கள். அந்த ஏமாற்றம் எங்களுக்கு உண்மையிலேயே வலிக்கும்.

மீந்ததைக் கட்டிக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிரீம் சாஸ், கடல் உணவு இரண்டையும் மட்டும் நம் ஊர் வெக்கையில் கடலூர் வரை கொண்டுவர வேண்டாம்.

கடலூரிலிருந்து போய்த் திரும்ப என்ன ஏற்பாடு?

இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் தவளக்குப்பத்திலிருந்து முருங்கப்பாக்கம் வரை சாயங்காலம் வண்டி ஊரும். ஏழு மணி மேசைக்கு ஐந்தரைக்கே கிளம்புங்கள். பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், பக்கத்து வீதிகளில் நிறுத்த இடம் தேட வேண்டும். ஓட்டலில் வண்டியை வாங்கி நிறுத்தும் வசதி உண்டா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். நேரம் மிஞ்சினால் காந்தி சிலை வரை ஒரு நடை போய்வரலாம். பட்டுப்புடவையோடு அம்மாவுக்கு அங்கே ஒரு போட்டோ கட்டாயம் எடுங்கள்.

ஒருவராவது குடித்திருந்தால் அவர் ஓட்டக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம், முதல் முறைக்கே அபராதம் 10,000 ரூபாய் வரை. ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டு போங்கள். அவர் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துவிடுங்கள். பாண்டியில் பாட்டில் மலிவு என்று டிக்கியில் வைத்துக்கொண்டு வராதீர்கள். முள்ளோடை தாண்டியதும் தமிழ்நாடு, ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.